இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை

 

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர், ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், வீட்டில் தொழுகை விஷயத்தில் மிகவும் அசட்டையாகிவிட்டாள். லுஹர் அஸர் வரை இழுக்கிறது. சில நாள் களாவாகவே போய்விடுகிறது. கேட்டால் அழுகிறாள். என்ன சொல்லி நஸீஹத் செய்வது?" என்று கேட்டார்.

வீட்டு நிலையை விசாரித்தேன். அந்தச் சகோதரிக்கு இது ஏழாவது மாதம். மூத்த பையனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. ஓடும் பிள்ளை, பால்குடியும் மறக்கவில்லை. தாய்வீடோ தஞ்சைப் பக்கம். உதவிக்கு மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை.

"தம்பி, நீங்கள் வீட்டில் இருக்கும்போது, அவர் தொழுகிற நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கிறான்?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அவளிடம்தான் ஹஜ்ரத்" என்றார்.

நஸீஹத் யாருக்குத் தேவை என்பது அவருக்கே விளங்கிவிட்டது. ஆனால் இது அவர் ஒருவரின் வீட்டுக் கதையன்று. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து வாடகை வீட்டில் தனித்துக் குடியிருக்கும் எத்தனையோ குடும்பங்களின் நிலை இதுவே. ஆகவே அவருக்குச் சொன்னவற்றை எல்லோருக்குமாகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

பலவீனத்தின் மேல் பலவீனம்

தாய் பிள்ளையைப் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமந்தாள் என்று அல்லாஹுத்தஆலா லுக்மான் அத்தியாயத்தில் (31:14) எடுத்துரைக்கிறான். அஹ்காஃப் அத்தியாயத்திலோ (46:15), அவள் சிரமத்துடன் சுமந்து சிரமத்துடன் ஈன்றாள் என்றும், சுமப்பதும் பால் மறக்கடிப்பதும் சேர்ந்து முப்பது மாதங்கள் என்றும் குறிப்பிடுகிறான். ஒரு பிள்ளையின் முப்பது மாதம் முடியுமுன் அடுத்த பிள்ளையைச் சுமப்பவளின் நிலை என்ன என்பதை ஆண்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். படைத்தவனே சிரமம் என்று கூறிய ஒன்றை, "எல்லோரும் பெறாத பிள்ளையா?" என்று நாம் இலேசாகத் தள்ளிவிடலாமா?

இங்கே ஒரு மஸ்அலாவைக் கவனியுங்கள். தாய் மீண்டும் உண்டாகிவிட்டால் மூத்ததற்குப் பால் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பிள்ளை சவலையாகிவிடும் என்று நம் பெண்களிடையே ஒரு பேச்சு உண்டு. அன்றைய அரபுகளிடமும் இத்தகைய அச்சம் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடுக்க நாடியிருந்ததாகவும், ரோமரும் பாரசீகரும் அவ்வாறு செய்தும் அவர்களின் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரவில்லை என்பதைக் கருதித் தடுக்கவில்லை என்றும் ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. சாதாரணமான கர்ப்பத்தில் பால் கொடுப்பதால் கேடில்லை என்றே இன்றைய மருத்துவர்களும் கூறுகின்றனர். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களும், இரத்தப்போக்கு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும். மற்றபடி, அழுகிற பிள்ளைக்குப் பால் கொடுத்ததற்காக எந்தத் தாயும் குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை.

தொழுகையில் பிள்ளை

அபூகதாதா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகள் ஜைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தவாறு தொழுதார்கள். ஸஜ்தாவுக்குச் செல்லும்போது இறக்கி வைத்தார்கள், எழும்போது தூக்கிக்கொண்டார்கள். மக்களுக்கு இமாமாக நின்ற வேளையில்தான் இது நடந்தது என்று முஸ்லிமின் அறிவிப்பு தெளிவாக்குகிறது. பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதற்காக ஸஜ்தாவை நீட்டியதாக நஸாயீயிலும், பிள்ளையின் அழுகுரல் கேட்டால் தாயின் மனம் பதறும் என்று தொழுகையைச் சுருக்கியதாக புகாரியிலும் காண்கிறோம். உலகத்துக்கே இமாமானவர்கள் பிள்ளையைத் தொழுகைக்கு இடைஞ்சலாகக் கருதவில்லை என்பதற்கு இவை போதும்.

இனி, அன்றாடம் எழும் சில மஸாயில்களைக் கூறுகிறேன்.

தொழுகைக்கு முன் பிள்ளையைச் சுத்தம் செய்து, டயப்பரை மாற்றிவிட்டு, அதன்பின் வுளூ செய்யுங்கள். ஷாபிஈ மத்ஹபில், சிறு பிள்ளையின் மர்மஸ்தானமாயினும் உள்ளங்கை நேரடியாகப் பட்டால் வுளூ முறியும். துணியைக் கையில் சுற்றிக்கொண்டால் முறியாது. ஹனஃபி மத்ஹபில் இதனால் வுளூ முறியாது. கையைக் கழுவினால் போதும். அசுத்தமான டயப்பரோடு பிள்ளையைச் சுமந்து தொழுவதை இரு மத்ஹபினரும் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீர் உடையில் பட்டால்: இரண்டு வயதுக்குட்பட்ட, பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத ஆண்குழந்தையாயின், பட்ட இடம் முழுதும் நனையத் தண்ணீர் தெளித்தால் போதும் என்பது ஷாபிஈ மத்ஹப். ஹனஃபிகள் கழுவ வேண்டும். சோறும் இட்லியும் தின்னத் தொடங்கிய பிள்ளையாயின், ஆணோ பெண்ணோ, எல்லோரும் கழுவவே வேண்டும். இதற்கென ஒரு தொழுகை உடையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

மசக்கை வாந்தி ஷாபிஈகளுக்கு வுளூவை முறிக்காது. ஆனால் வாந்தி நஜீஸ் என்பதால் வாயையும் பட்ட இடத்தையும் கழுவ வேண்டும். ஹனஃபிகளுக்கு வாய் நிறைய வந்தால் வுளூ முறியும். தானாக வரும் வாந்தியால் நோன்பு முறிவதில்லை.

நிற்பதில் பெரும் சிரமம் இருந்தால் கர்ப்பிணி அமர்ந்து தொழலாம். வயிறு இடித்து ஸஜ்தா செய்ய இயலாவிட்டால், ருகூவைவிடச் சற்றுத் தாழ்வாகக் குனிந்து சைகை செய்யலாம். முடிந்தால் நின்றும், முடியாவிட்டால் அமர்ந்தும், அதுவும் முடியாவிட்டால் சாய்ந்து படுத்தும் தொழுமாறு இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) கற்றுக்கொடுத்தார்கள். நோயாளிக்கு அவர் நலமாக இருந்தபோது செய்த அமலின் கூலியே எழுதப்படும் என்ற நற்செய்தியும் புகாரியில் உண்டு.

தொழும்போது பிள்ளை அடுப்பையோ, தண்ணீர்த் தொட்டியையோ, திறந்த வாசலையோ நோக்கி ஓடினால் தொழுகையை விட்டுவிட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுவது கடமை. பிறகு புதிதாகத் தொழுதுகொள்ளலாம். இதில் குற்றம் எள்ளளவும் இல்லை.

நோன்பு

கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் ரமளான் நோன்பைத் தள்ளிவைக்க அனுமதி உண்டு. தன் உடலுக்கு அஞ்சி விட்டால் பின்னர் களாச் செய்தால் போதும். பிள்ளைக்கு மட்டும் அஞ்சி விட்டால், ஷாபிஈ மத்ஹபில் களாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து, அதாவது இரு கைகளாலும் சேர்த்து அள்ளும் அளவு, தானியம் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. ஒரு கர்ப்பம், பாலூட்டல், மறு கர்ப்பம் என்று தங்கடம் தொடர்ந்து வந்து, களா அடுத்த ரமளானையும் தாண்டிவிட்டால், அப்படித் தாமதமானதற்காகத் தனியே பரிகாரம் எதுவும் இல்லை. ஆகவே, "கடன் ஏறுகிறதே" என்று அஞ்சி, மயங்கி விழுமளவுக்கு நோன்பு பிடிக்கும் சகோதரிகள், அல்லாஹ் கொடுத்த சலுகையை மன நிறைவோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வெளியே செல்லும்போது

கர்ப்பிணி வீட்டு வாசலைத் தாண்டலாகாது என்பது மார்க்கமன்று. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) நிறைமாதத்தில் ஹிஜ்ரத் புறப்பட்டு, குபாவில் அப்துல்லாஹ் பின் ஸுபைரை ஈன்றார்கள். அஸ்மா பின்த் உமைஸ் (ரலி), ஹிஜ்ரி 10ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வழியில், துல்ஹுலைஃபாவில் பிள்ளை பெற்றார்கள். குளித்து, துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் அணியுமாறு நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கூறினார்கள். திரும்பிப் போகச் சொல்லவில்லை.

நம் பகுதிச் சகோதரிகள் மாதாந்திரப் பரிசோதனைக்கும், உறவினரைப் பார்க்கவும் சென்னைக்கு மின்சார ரயிலில் செல்கின்றனர். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். தொலைவு 50 கி.மீ.க்கும் குறைவு. திருவள்ளூரிலிருந்து சென்றாலும் அவ்வளவுதான். கஸ்ருக்குரிய தொலைவை நம் உலமாக்கள் 75 கி.மீ.க்கும் கூடுதலாகவே கணக்கிடுவதால், இப்பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்க முடியாது. எனவே தொழுகை நேரத்தைப் பார்த்துப் புறப்படுவதே வழி. லுஹரை முடித்துவிட்டு ரயிலேறுங்கள். அல்லது அஸருக்குள் இறங்கிவிடுமாறு திட்டமிடுங்கள். மிகவும் நெருக்கடியானால், லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலுமாக ஒரே வுளூவில் தொழலாம். இதற்கு ஹனஃபிகளிடமும் தடையில்லை. நோய்க்காக இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழலாம் என்ற கருத்து ஷாபிஈ அறிஞர்கள் சிலரிடம் உண்டு. இமாம் நவவீ (ரஹ்) அதற்கு வலிமை உண்டென்று கூறியுள்ளார்கள். உண்மையிலேயே உடல் தளர்ந்த சகோதரிகள் தம் ஊர் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த மின்சார ரயில்களில் கழிவறை இல்லை. கர்ப்பிணிக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைக் கணவர் அறிந்திருக்க வேண்டும். ஏறுமுன் நிலையத்திலேயே தேவையை முடித்துக்கொள்ளச் செய்யுங்கள். பை உங்கள் தோளில் இருக்கட்டும், பிள்ளையும் உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே, முன்னால் பிள்ளையும் பின்னால் நிறைமாத மனைவியுமாக மோட்டார் சைக்கிளில் பறப்பவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று 2022ல் மத்திய அரசு விதி வகுத்தது. 2023 பிப்ரவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் கைகளால் உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துடைய இறைக்கட்டளை (2:195) நமக்கு அதற்கு முன்பே இருக்கிறது.

விடுமுறை நாளில் பழவேற்காட்டுக்குப் போகும் குடும்பங்கள் பல. கரையில் காற்று வாங்கலாம். பிள்ளைக்குப் பறவைகளைக் காட்டலாம். ஆனால் 2011 டிசம்பர் 25 அன்று அந்த ஏரியில் உல்லாசமாகச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போனதை இப்பகுதியார் மறக்கலாகாது. "ஒரு சுற்றுத்தானே" என்று கர்ப்பிணியையும் கைப்பிள்ளையையும் படகில் ஏற்றாதீர்கள். இருட்டு விழும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாமல் தடுத்துக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதையும் நினைவிற்கொண்டு, மஃரிபுக்குள் வீடு திரும்புவது நல்லது.

கணவருக்கும் ஜமாஅத்தாருக்கும்

நாயகம் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். இரவு ஷிப்டு முடித்து வருபவருக்குக் களைப்பு உண்டுதான், மறுக்கவில்லை. ஆயினும் ஒரு தொழுகைக்குப் பத்து நிமிடம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டால், மனைவி பதறாமல் தொழுவாள். நன்மையான காரியத்துக்கு உதவியவருக்கு அதில் பங்குண்டு என்பது நாம் அறிந்ததே. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத் தொழுகைகளுக்கு அக்கம்பக்கத்துச் சகோதரி ஒருவர் பிள்ளையைச் சற்றுநேரம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மனைவி அவருக்கு அவ்வாறே செய்யலாம்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகிலுள்ள பள்ளிவாசல்களில், திரையும் தண்ணீரும் ஒரு நாற்காலியும் உள்ள சிறிய இடத்தைப் பயணம் செய்யும் பெண்களுக்கென ஒதுக்குங்கள். கைப்பிள்ளையோடு வரும் கர்ப்பிணி ஒருத்தி அங்கே ஒரு வக்து தொழுதாலும், அந்தக் கூலியில் உங்களுக்கும் பங்கு கிடைக்கும். தந்தையோடு பள்ளிக்கு வரும் சிறு பிள்ளையை முறைக்காதீர்கள். அவன் பள்ளியில் இருக்கும் அந்தக் கால் மணி நேரம் வீட்டில் அவன் தாய்க்கு ஓய்வு.

அந்தச் சகோதரர் இரண்டு வாரம் கழித்து அஸருக்கு வந்தார், தோளில் பையனோடு. தொழுகையில் அவன் ஸஃபுக்கு முன்னால் இரண்டு முறை ஓடினான். ஒருமுறை தந்தையின் தொப்பியைப் பிடுங்கினான். பெரியவர் ஒருவர் ஸலாம் கொடுத்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வீட்டில் எப்படி?" என்று கேட்டேன். "இப்போது அவள்தான் என்னை சுப்ஹுக்கு எழுப்புகிறாள் ஹஜ்ரத்" என்றார்.

யா அல்லாஹ்! சுமந்திருக்கும் தாய்மார்களுக்குச் சுகப்பிரசவத்தைத் தந்தருள்வாயாக! அவர்களின் கணவன்மார்களுக்கு இரக்கத்தைத் தந்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வாயாக! ஆமீன்.