ஏறுவதைக் காட்டுவார்கள், இறங்கச் சொல்லுங்கள்

காபி எஸ்டேட்டில் பாரம் ஏற்ற பக்கி (யு.டி.வி. வண்டி) வாங்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, உங்கள் பல்ப்பர் எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஏற்காட்டில் எங்களுக்கு இருப்பதுபோல உங்களுக்கும் அது தோட்டத்தின் அடியில், ஓடையை ஒட்டித்தான் இருக்கும். பழத்தை உரிக்கவும் கழுவவும் தண்ணீர் வேண்டும், தண்ணீர் பள்ளத்தில்தான் கிடைக்கும். ஆக, நவம்பரில் பறிப்பு தொடங்கினால் முடிகிறவரை பாரம் முழுவதும் மேலிருந்து கீழே வருகிறது. திரும்பி ஏறும் வண்டி காலி. உரமும் சுண்ணாம்பும் மேலே போகும், உண்மைதான். ஆனால் அதற்கு அவசரமில்லை, வெயில் பார்த்து ஏற்றலாம். பழம் காத்திருக்காது, பறித்த அன்றே உரித்தாக வேண்டும்.

விற்க வருகிறவர்களோ வண்டி எப்படி ஏறுகிறது என்று மட்டும்தான் காட்டுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் காட்டினார்கள். பழைய மஹிந்திரா ஜீப் தேய்ந்து, செலவு வைத்துக்கொண்டே இருந்த நேரம். கோயம்புத்தூரிலிருந்து வந்த கொழுந்தனார், "அண்ணி, ஃபாரின்ல பண்ணை பூரா பக்கியிலதான் சாமான் போகுது. டிராக்டர்லாம் வயக்காட்டுக்கு" என்றார். டீலர் கொடுத்த விவரத் தாளில் 900 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தது. "இறக்கத்துல பாரம் முதுகுல தள்ளுமே, அப்ப எது பிடிக்கும்?" என்று கேட்டேன். "நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் மேடம்" என்றார் டீலர். அந்தப் பதில் எஸ்டேட்டின் மற்ற பங்காளிகளுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை என்பதை அன்றே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

பிரேக் பிடிக்கும். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். எங்கள் தோட்டப் பாதையில் ஐந்தடி போனால் ஓரடி இறங்குகிற இடங்கள் இருக்கின்றன. அந்தச் சரிவில் 900 கிலோ ட்ரெய்லர் கிட்டத்தட்ட 180 கிலோ விசையோடு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். வண்டியின் சொந்த எடை இழுப்பது தனி. அதையெல்லாம் பிரேக்கால் மட்டும் நிறுத்திக்கொண்டே வந்தால் டிஸ்க் காய்ந்து பிடிப்பு குறையும். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர் யாரும் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை, கியரை நம்பித்தான் இறங்குகிறார்.

இந்த பக்கிகளில் பலவற்றில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ரப்பர் பெல்ட் ஓடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எஞ்சின் வேகம் தணிந்ததும் பெல்ட்டின் பிடி விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். சில மாடல்களில் அப்போதும் எஞ்சின் பிடித்துக்கொள்ள ஏற்பாடு உண்டு. எங்கள் தலையில் கட்டிய வண்டியில் அது இல்லை.

டிசம்பர் மழையில், நனைந்த செம்மண்ணில், கடைசி லோடோடு வரும்போது அது நடந்தது. பிரேக் சூடேறி இளகிவிட, ட்ரெய்லர் தள்ளித் தள்ளி வளைவில் பக்கவாட்டில் மடங்கி, பக்கியையும் இழுத்துக்கொண்டு போய் சில்வர் ஓக் மரத்தில் மோதியது. டிரைவர் பையன் குதித்துவிட்டான், மணிக்கட்டு முறிந்தது. பழமெல்லாம் பாதையில் சிதறி, மூட்டையில் இருந்தது இரவெல்லாம் புளித்து, அந்த லாட்டுக்குக் கிடைத்த விலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதைவிட எரிவது, வந்து பார்த்த டீலரின் ஆள் ஓட்டுநர் தவறு என்று எழுதிவிட்டுப் போனது. அந்தப் பையன் ஜீப்பில் வருடக்கணக்காக அதே பாதையில் பாரம் இறக்கியவன். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம். வைத்தியச் செலவை எஸ்டேட் கணக்கில் எழுதினேன், கொழுந்தனார் கேட்டதற்குக் காரணத்தையும் சொன்னேன்.

பக்கியை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, சுமார் ஒரு டன் எடையுள்ள 28 குதிரைத்திறன் ஃபோர் வீல் டிரைவ் மினி டிராக்டரை நான் வாங்கினேன். வயக்காட்டு வண்டி என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அதில் முதல் லோ கியரைப் போட்டுவிட்டால் பிரேக்கைத் தொடாமலே நடை வேகத்தில் இறங்கும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான், அதனால் ஃபோர் வீலைப் போட்டே இறங்குங்கள், அப்போது முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டி போட்டு ஒன்றாகப் பூட்டியிருக்கிறதா என்று கிளம்பும்முன் பாருங்கள். பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் சுழலும். கியரைச் சரிவு தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும், நடுச் சரிவில் கிளட்சை மிதிக்கவே கூடாது. ட்ரெய்லரை மாட்டுவது தாழ்வான இழுவைச் சட்டத்தில்தான். அச்சுக்கு மேலே எங்கேயாவது கட்டினால், ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும். பாரத்தைக் கொஞ்சம் கொக்கிப் பக்கமாக, முன்னால் தள்ளி அடுக்குங்கள். மூட்டைமேல் ஆள் ஏற்றாதீர்கள்.

மற்றவை எளிது. தோட்டத்தை ஊராட்சிச் சாலை குறுக்கே பிரிக்கிறதென்றால், பதிவெண் வாங்க முடியாத பக்கியால் அதைத் தாண்டக்கூட முடியாது. டிராக்டருக்கு அந்தச் சிக்கல் இல்லை, வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டா என்றும் விசாரிக்கலாம். டயர், சர்வீஸ், உதிரி பாகம் எல்லாம் சேலத்திலேயே கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும் டீலரின் சமதள முற்றத்தில் ஓட்டிப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் பாதையில் மிக மோசமான இறக்கத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் காலியாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டி, கீழே ஓடித் தணிய இடமுள்ள துண்டில் இறக்கிப் பாருங்கள். டீலரின் ஆளே ஓட்டட்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி பிடித்துக்கொள்கிறதா, வேகம் எடுக்கிறதா என்பது பத்தடியில் தெரிந்துவிடும். கொண்டுவர மாட்டேன் என்கிற டீலரிடம் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே பக்கி வாங்கிவிட்டவர்கள் அதை வேலி சுற்றிப் பார்க்க, நாற்றுக்கூடை எடுக்க, மருந்தடிக்கும் டிரம் கொண்டுபோக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நல்ல வண்டிதான். பழத்தைப் பின்தொட்டியில் அளவாக ஏற்றி லோ ரேஞ்சில் இறக்குங்கள். ட்ரெய்லர் மாட்டித்தான் தீர வேண்டுமென்றால், ட்ரெய்லருக்கென்று தனி பிரேக் வைக்காமல் மாட்டாதீர்கள். தாளில் போட்டிருக்கும் எடை சமதளத்துக்கு என்று எடுத்துக்கொண்டு, சரிவில் அதில் பாதிக்கும் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள்.