புசானில் இரண்டு நாள்

கேள்வி: வேலை விஷயமாக அக்டோபரில் சியோல் போகிறேன். கூடுதலாக இரண்டு நாள் கிடைக்கும். துறைமுக நகரமான புசானைப் பார்க்க அது போதுமா? ஹேயுண்டே கடற்கரையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

பதில்: தாராளமாகப் போதும். சியோலிலிருந்து கே.டி.எக்ஸ். அதிவேக ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் புசான். ஸ்டேஷனுக்குப் பின்புறமே துறைமுகம். 1996-இல் தொடங்கிய புசான் சர்வதேசத் திரைப்பட விழா இலையுதிர் காலத்தில்தான் நடக்கும். அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

ஹேயுண்டேவுக்கு ஒரு மாலை போதும். மீதி நேரம் முழுவதையும் பழைய துறைமுகப் பகுதிக்கே கொடுங்கள். புசானின் கதை அங்கேதான் இருக்கிறது.

1950-இல் கொரியப் போர் மூண்டபோது வட கொரியப் படை ஏறக்குறைய நாடு முழுவதையும் பிடித்துவிட்டது. கடைசிவரை விழாமல் நின்ற புசான் தற்காலிகத் தலைநகரானது. உயிர் தப்பி வந்த அகதிகளுக்குச் சமவெளியில் இடமில்லை; மலைச்சரிவில் ஏறிக் குடிசை போட்டார்கள். அமி-தொங் பகுதியில் அவர்களுக்குக் கிடைத்தது ஜப்பானியர் காலத்துக் கல்லறைத் தோட்டம். கல்லறைக் கற்களையே அஸ்திவாரமாகவும் படிக்கட்டாகவும் வைத்து வீடு கட்டினார்கள். சுவர்களின் அடிப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். செதுக்கிய பெயர்களை இன்றும் காணலாம்.

அங்கிருந்து சிறிது மேலே ஏறினால் கம்சொன். முன்வீடு பின்வீட்டின் பார்வையை மறைக்காதபடி படிப்படியாக எழும்பிய குடியிருப்பு. 2009-இல் கலைஞர்கள் வந்து சுவரோவியம் தீட்டிய பிறகு சுற்றுலாத் தலமாகிவிட்டது. ஆனாலும் அது மக்கள் வாழும் தெரு. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டுவதும் சந்தில் நின்று சத்தம் போடுவதும் கூடவே கூடாது.

சாப்பாட்டுக்கு ஜகல்ச்சி மீன் சந்தை. கீழ்த்தளத்துத் தொட்டிகளில் நீந்தும் மீனைக் காட்டினால், மாடியில் சமைத்துத் தருவார்கள். மீன் விலை, சமையல் கூலி இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அகதிகள் கோதுமை மாவில் செய்யத் தொடங்கிய 'மில்மியொன்' என்ற குளிர்ந்த நூடுல்ஸும் இந்த ஊரின் அடையாளம். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மில்மியொன் இறைச்சிச் சாற்றில்தான் வரும், வெறும் காய்கறிச் சூப் என்று தெரிவதிலும் நெத்திலிச் சாறு இருக்கலாம்.

மெட்ரோ முதல் தடத்தில் ஜகல்ச்சிக்கு அடுத்த நிறுத்தம் தொசொங். அமி-தொங், கம்சொன் போக அங்கே இறங்கி மினி பஸ் பிடிக்க வேண்டும். புறப்படும் முன் நேவர் மேப்பைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மலைச்சந்துகளில் வழிகாட்ட அதுதான் கைகொடுக்கும்.