கடலுக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

5 வயதும் 2 வயதுமாக இரண்டையும் கூட்டிக்கொண்டு மே மாதம் ராமேஸ்வரம் போகிறோம், மூன்று நாளில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கேட்டதோடு நிற்காமல் நீயே ஒரு பட்டியலும் போட்டிருக்கிறாய்: கோயில், 22 தீர்த்தம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை, கலாம் நினைவிடம். சரி, இதில் பிள்ளைகளுக்கு என்று எது இருக்கிறது? சின்னவளுக்கு ஒரு சாண் தண்ணீரும் கொஞ்சம் ஈர மணலும் கிடைத்தால் காலைப்பொழுது போவதே தெரியாது. அவளை வேனில் ஏற்றி இறக்கியே அழவைக்கப் போகிறாய்.

முதலில் கடலைத் தேர்ந்தெடு. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் வடக்கைப் பெண் கடல், தெற்கை ஆண் கடல் என்பார்கள். மே மாதத்தில் தென்மேற்கிலிருந்து காற்று பிடிக்கத் தொடங்கும். தெற்குக் கடல் சீறும். வடக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வந்தால் எல்லாம் தலைகீழ். மீன்பிடிப்பவர்களே காற்றுக்குத் தகுந்தபடி கரை மாறுவார்கள். ஆகவே உனக்கு வடக்குக் கரைதான். ராமநாதபுரத்திலிருந்து வரும் வழியில், உச்சிப்புளிப் பக்கம் அரியமான் இருக்கிறது. சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு, ஆழமில்லாத தண்ணீரும் உண்டு. இரண்டு காலைப்பொழுதை அங்கேயே செலவழி. "ஒரே இடத்துக்கு இரண்டு தடவையா?" என்பாய். பிள்ளைகள் கேட்கமாட்டார்கள்.

தனுஷ்கோடிக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரைப் பெரியவளுக்குக் காட்டு. கதையாகச் சொன்னால் புரிந்துகொள்ளும் வயதுதான். ஆனால் அங்கே தண்ணீரில் இறக்காதே. "கணுக்கால் அளவுதானே அண்ணா" என்று உன் குரல் இங்கே வரை கேட்கிறது. அலை திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும்; பெரியவர்களே தள்ளாடுவோம், உன் இடுப்பில் பிள்ளை வேறு. இன்னொன்று: எந்தக் கடலானாலும், இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால், பிள்ளை விளையாட நல்ல இடம் என்று போய்விடாதே. கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் அதுதான். அதில் மாட்டினால் எதிர்த்து நீந்தக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, பிறகுதான் கரைக்குத் திரும்பவேண்டும். உன் வீட்டுக்காரருக்கும் இதைப் படித்துக் காட்டு.

இப்போது கொஞ்சம் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள். "நாங்கள் ஆறு பேர் போகிறோம், பார்த்துக்கொள்ள ஆளா இல்லை?" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயம். ஆறு பேரும் பார்க்கிறார்கள் என்று ஆறு பேரும் நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். ஒரு நேரத்துக்கு ஒரு ஆள் என்று பெயர் சொல்லி ஒப்படை. அந்த ஆள் கையில் செல்போன் இருக்கக்கூடாது. எழுந்து போவதென்றால் "இனி நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லி, அடுத்தவர் "சரி" என்ற பிறகுதான் நகரவேண்டும். சின்னவள் எப்போதும் கை நீட்டினால் பிடிபடும் தூரத்தில் இருக்கட்டும். மூழ்கும் குழந்தை கத்தும் என்று நம்பிக்கொண்டிருக்காதே. வாய் தண்ணீருக்குள் போனபின் சத்தம் எங்கிருந்து வரும்? காற்றடைத்த டியூப் வாங்கியிருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. கரையிலிருந்து கடல் பக்கம் காற்று அடித்தால், பிள்ளையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த அழகான நீலச் சட்டையும் வேண்டாம், தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. ஆரஞ்சு நிறத்தில் எடு.

மணலில் குழி தோண்டட்டும், ஆனால் முழங்காலுக்கு மேல் ஆழம் வேண்டாம். ஓரம் சரிந்தால் உள்ளே இருக்கும் பிள்ளையை மூடிவிடும். வெயில் ஏறுவதற்குள், ஒன்பதரை பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடு. வழியில் நுங்கு விற்பார்கள், வாங்கிக் கொடு.

உயிருள்ள சங்கு, சிப்பி கையில் கிடைத்தால் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கப் பெரியவளுக்குச் சொல்லிக்கொடு. பவளப்பாறைத் துண்டு அழகாக இருக்கிறதே என்று பையில் போடாதே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

22 தீர்த்தம் ஆடவேண்டும் என்று உன் மாமியார் ஆசைப்படுவார், ஆடட்டும். நீயும் கூடப் போய் வா. ஆனால் தரை முழுக்க ஈரம், கூட்டம், வாளி வாளியாகத் தலையில் தண்ணீர். பிள்ளைகள் இரண்டும் அப்பாவோடு அறையிலேயே இருக்கட்டும். நீ திரும்பி வந்ததும் அவர் போய் வரலாம்.

ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாயா? இல்லையென்றால் மதுரையிலிருந்து பகலில் போகும் பாசஞ்சர் வண்டியைப் பார். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் போகும். பெரியவளை ஜன்னலோரம் உட்கார வை. பட்டியலைத் திருத்தி எனக்கு ஒரு தடவை அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்