எடைக்குப் போட்ட விமானங்கள்



சூலூர்ப் பக்கமிருந்து விமானம் கிளம்பினால் நம்ம வகுப்பில் பாடம் நின்று போகும். டீச்சர் சாக்பீஸோடு அப்படியே நிற்பாங்க. சத்தம் அடங்கின பிறகுதான் அடுத்த வரி. போன மாதம் அப்படி ஒரு சத்தம் வந்தபோது, "நான் பெரியவளானா இதை ரிப்பேர் பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டேன். பசங்க பெஞ்சில் ஒரே சிரிப்பு. "ஓட்டறேன்னு சொன்னாலும் பரவால்ல, ஸ்பேனர் புடிக்கவா போற?" என்று ஒருத்தன் கேட்டான். பெயரை எழுத மாட்டேன், அவனுக்கே தெரியும். அவன் கேட்டதால்தான் இந்திய விமானப் படையின் வரலாற்றைத் தேடிப் படித்து எழுதுகிறேன்.

இந்திய விமானப் படை ஆங்கிலேயர் ஆட்சியில் 1932 அக்டோபர் 8 அன்று தோன்றியது. அதன் முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1-ல் கராச்சியில் தொடங்கியது. ஸ்குவாட்ரன் என்றால் விமானங்கள், ஓட்டுபவர்கள், பழுது பார்ப்பவர்கள் எல்லாம் சேர்ந்த ஒரு பிரிவு. அன்றைக்கு இருந்தவை வாபிட்டி என்ற ரெட்டை இறக்கை விமானங்கள் 4. இந்திய அதிகாரிகள் 6 பேர். தரையில் நின்று விமானத்தைக் கவனித்த 'ஹவாய் சிப்பாய்'கள் 19 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஸ்பேனர் பிடித்தவர்கள்தான் மூன்று மடங்குக்கு மேல்!

அந்த வாபிட்டியே முழுக்கப் புதுசு இல்லை. முதல் உலகப் போர்க் கால டி.எச்.9ஏ விமானத்தின் பாகங்கள் நிறைய மிச்சம் கிடந்ததால், அவற்றை முடிந்தவரை பயன்படுத்தும்படி வடிவமைத்தார்களாம். அந்த 6 அதிகாரிகளில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி 1954-ல் விமானப் படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் ஆனார்.

இனி நான் சொல்ல வந்த கதை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கொடுத்த லிபரேட்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்கள் இந்தியாவில் இருந்தன. நாலு இன்ஜின். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 110 அடி. நம் பள்ளி வராண்டாவை டேப் வைத்து அளந்தேன், 90 அடிதான் வந்தது. போர் முடிந்ததும் அவற்றைக் கான்பூரில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். சும்மா போடவில்லை. திரும்பப் பறக்கவே கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திப் போட்டார்கள்.

சுதந்திரம் வந்தது. நம்மிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் கிடையாது. அப்போது பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலை ஆட்கள் கான்பூருக்குப் போய் அந்தக் குப்பையைப் பார்த்தார்கள். எச்.ஏ.எல். 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கியது. போர்க் காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்த இடமும் அதுதான். அதனால் கை பழகியிருந்தது. ஒன்றில் நல்லதாக இருந்த பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, ஒரே ஒரு தடவை பறந்தால் போதும் என்கிற அளவுக்குத் தேற்றினார்கள். எச்.ஏ.எல்.லின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகச் சுமார் 1500 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பெங்களூர் வந்தார். அங்கே முழு ரிப்பேர் நடந்தது. இப்படிச் சரியானவை 42 விமானங்கள்! 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டு 5-வது ஸ்குவாட்ரன் உருவானது. 1968 வரை அவை பறந்தன. பிறகு சிலவற்றை வெளிநாட்டு அருங்காட்சியகங்களே கேட்டு வாங்கிக்கொண்டு போயின.

எங்க அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர். இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கெட்டுப்போனதைச் சரி பண்ணிரலாம் சாமி, கெடுத்து வெச்சதைச் சரி பண்றதுதான் கஷ்டம்" என்றார்.

அதன் பிறகு எத்தனையோ விமானங்கள் வந்தன. எல்லாவற்றையும் எழுதினால் சார்ட் பத்தாது. எனக்குப் பிடித்தது நாட். இறக்கை 22 அடிதான். நம் வகுப்பறை அகலம் 20 அடி, இரண்டு அடிதான் வெளியே நீட்டும். 1971 டிசம்பர் 14-ல் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமான தளத்தைத் தாக்கின. ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே 18-வது ஸ்குவாட்ரனின் நிர்மல் ஜித் சிங் செகோன் நாட் விமானத்தில் கிளம்பிப் போரிட்டு உயிர் விட்டார். விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். அதே 18-வது ஸ்குவாட்ரன் 2020 மே 27-ல், நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் விமானத்தோடு மறுபடி தொடங்கப்பட்டது. எங்கே தெரியுமா? நம்ம சூலூரில்!

1963-ல் வந்த மிக்-21, ஒலியை விட வேகமாகப் போகக்கூடியது. 62 வருஷம் ஓடி 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்றது. விபத்துகளும் நிறைய நடந்த விமானம் அது. 2018-ல் அவனி சதுர்வேதி தனியாக ஓட்டியது அந்த மிக்-21-ஐத்தான். போர் விமானத்தைத் தனியாக ஓட்டிய முதல் இந்தியப் பெண் அவர். அதிகாரி அல்லாத வேலைகளிலும் பெண்கள் முதல் முறையாக 2023-ல் பயிற்சி முடித்து வந்துவிட்டார்கள். சிரித்தவன் இந்த இரண்டு வரியை இரண்டு தடவை படிக்கவும்.

இன்னொன்று. சூலூரில் 5-வது பழுதுபார்ப்பு டிப்போ இருக்கிறது. 2019 மார்ச்சில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் சூலூர் வந்து அந்த டிப்போவுக்குக் கொடி வழங்கினார். சண்டை போடுகிறவர்களுக்கு மட்டும்தான் கொடி தருவாங்க என்று அதுவரை நினைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா காயில் எரிந்த ஒரு பழைய மோட்டாரை என் முன்னால் வைத்து, "எத்தனை சுத்துன்னு எண்ணிக்கிட்டே உருவு சாமி" என்றார். முதல் இரண்டு காயிலில் எண்ணிக்கை தப்பிவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது.