சின்னச் சின்ன கிளிக்குகள், பெரிய வலி!

மவுஸை ஒருமுறை கிளிக் செய்தால் கை வலிக்குமா? வலிக்காது. ஒரே நாளில் சில ஆயிரம் முறை கிளிக் செய்தால்? பெரும்பாலும் அன்றும் வலிக்காது. ஆபத்தே அதுதான். இதை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்து கொண்டேன்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். வயது 28. புராஜெக்ட் முடிக்க வேண்டிய நேரத்தில் தினமும் 12 மணி நேரம் லேப்டாப் முன்பு இருந்தேன். இரவில் வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போகும். உதறினால் சரியாகிவிடும். "ஏன்டா தூக்கத்துல கைய உதறிக்கிட்டே இருக்க?" என்று அம்மா கேட்டபோது, "ஒண்ணுமில்லம்மா" என்றேன். மூன்றாவது மாதம் ஒரு காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அன்றுதான் டாக்டரிடம் போனேன்.

ஒரு சிறிய கணக்கு

நிமிடத்திற்கு 40 சொற்கள் டைப் செய்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். டைப்பிங் கணக்கில் ஒரு சொல்லுக்கு 5 எழுத்துகள். அதாவது நிமிடத்திற்கு 200 முறை, மணிக்கு 12,000 முறை கீகளை அழுத்துகிறீர்கள்!

உடலில் என்ன நடக்கிறது?

விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் என்ற நரம்பும் மணிக்கட்டில் உள்ள கார்பல் டனல் என்ற குறுகிய வழியாகச் செல்கின்றன. ஓய்வின்றி ஒரே அசைவைச் செய்யும்போது, தசைநாண்களில் ஏற்படும் நுண்ணிய பாதிப்புகளைச் சரிசெய்ய உடலுக்கு நேரம் கிடைப்பதில்லை. அவற்றின் உறைகள் வீங்கினால் நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலுக்குச் செல்வது வேறு நரம்பு என்பதால் என் சுண்டுவிரல் தப்பியது.

எல்லா மரத்துப் போதலுக்கும் கம்ப்யூட்டரே காரணம் அல்ல. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம் போன்றவற்றாலும் இது வரலாம். எனவே நீங்களே முடிவு கட்டாமல் பரிசோதனை செய்து கொள்ளுங்கள்.

மனதில் என்ன நடக்கிறது?

வலியைவிட என்னை வாட்டியது பயம். "டைப் செய்ய முடியாதவன்" என்று பெயர் வந்தால் வேலை என்னாகும்? யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் கெட்டது, எரிச்சல் வந்தது. டென்ஷனில் மவுஸை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வலி கூடியது. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகி, லேசான அழுத்தத்தையும் வலியாக உணரத் தொடங்கலாம்.

இது கம்ப்யூட்டர் காலத்து நோய் மட்டுமல்ல. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழில்களால் வரும் நோய்கள் பற்றிய தன் நூலின் 1713-ம் ஆண்டுப் பதிப்பிலேயே எழுத்தர்களின் கைவலிக்கு மூன்று காரணங்கள் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையின் ஒரே அசைவு, மனதின் இறுக்கம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள். முழங்கை ஏறக்குறைய கீபோர்டு உயரத்தில் இருக்கட்டும்.

2. லேப்டாப்பில் நெடுநேரம் வேலை என்றால் தனி கீபோர்டும் மவுஸும் இணைத்துக் கொள்ளுங்கள்.

3. ஒர்க்ரேவ் என்ற இலவச புரோகிராமை நிறுவுங்கள். நீங்கள் செட் செய்யும் இடைவெளியில் ஓய்வெடுக்கச் சொல்லி நினைவூட்டும்.

4. மவுஸை அவ்வப்போது இடது கைக்கு மாற்றலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, புளூடூத் அண்டு டிவைசஸ், மவுஸ் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பிரைமரி மவுஸ் பட்டன் என்பதில் ரைட் என மாற்றுங்கள்.

5. இரண்டு மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தச் சிரமமா? ஷிப்ட் கீயை 5 முறை தட்டுங்கள். ஸ்டிக்கி கீஸ் வசதி வரும். பிறகு ஒவ்வொரு கீயாக அழுத்தினால் போதும்.

6. மரத்துப் போதல் தொடர்ந்தாலோ, பிடி தளர்ந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

டாக்டர் சொன்னபடி 6 வாரம் இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிந்தேன். டீம் லீடரிடமும் உண்மையைச் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான்! இந்தக் கட்டுரையை ஒரே மூச்சில் அல்ல, மூன்று நாட்களில் டைப் செய்தேன். நீங்களும் இதைப் படித்து முடித்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்து, ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.