பற்றரி ஏன் இறங்குகிறது?

தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய கைகள், இடம்பெயர்ந்து கரைக்கு வந்தபின் பழைய வெளியிணைப்பு இயந்திரத்தைக் கண்டு தயங்கத் தேவையில்லை. ஆனால் பற்றரி இறங்கியதும் கடன்பட்டுப் புதியது வாங்குகிறோம். சில வாரங்களில் அதுவும் இறங்கிவிடுகிறது. இரவில் விளக்கில்லாத படகை மற்றப் படகுக்காரர் எப்படிக் காண்பார்?

கயிறு சுற்றி இழுக்கும் பாரமான சில்லின் உட்புறத்தில் காந்தங்கள் உண்டு. அவை கம்பிச் சுருள்களைச் சுற்றி ஓடும்போது மின் பிறக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிதல்ல. ஒரு சுருள் பிளக்குக்குத் தீப்பொறி தருகிறது. மற்றொன்று விளக்குக்கும் பற்றரிக்கும் உரியது. (சில இயந்திரங்களில் இந்த இரண்டாவது சுருளே இராது. முதலில் அதை விசாரியுங்கள்.) ஆகவே கயிற்றால் இயக்கும் பழைய இயந்திரம் பற்றரி செத்தாலும் ஓடும். இயந்திரம் ஓடுகிறது என்பதற்காகப் பற்றரி ஏறுகிறது என்று எண்ணக்கூடாது.

சுருளில் பிறப்பது ஆடலோட்டம். பற்றரிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் நின்று மாற்றுவது சீராக்கி என்ற சிறு பெட்டி.

பெரும்பாலான பழுதுகள் முனைகளில்தான். வெள்ளையாக அல்லது பச்சையாகப் பூத்திருந்தால், முதலில் மறை முனையையும் பின்பு நேர் முனையையும் கழற்றுங்கள். அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவித் துடையுங்கள். பற்றரியின் மூடிகள் இறுக மூடியிருக்கட்டும். அந்த நீர் உள்ளே போகக்கூடாது. பூட்டும்போது மறை முனை கடைசி. வயரின் நுனியைச் சற்று உரித்தும் பாருங்கள். உப்புக்காற்று உள்ளே புகுந்து செம்பு கறுத்திருந்தால், நல்ல இடம்வரை வெட்டி எறியுங்கள்.

பின்பு மீற்றர். சில மணிநேரம் ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12க்குக் கீழென்றால் நன்றாக இறங்கிவிட்டது. இப்போது இயந்திரத்தை நீரில் வைத்து, நடு வேகத்தில் ஓடவிட்டு அளவுங்கள். (நீரில்லாமல் ஓடவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும்.) 13 முதல் 14.5 வரை ஏறவேண்டும். ஏறாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். அதுவும் சரியென்றால், இயந்திரத்தை நிறுத்தி, சுருளின் இரு வயர்களையும் சீராக்கியிலிருந்து கழற்றி, 12 வோல்ற் மின்குமிழொன்றில் பூட்டி மெதுவாக ஓடவிடுங்கள். ஒளிர்ந்தால் சுருள் நல்லது, சந்தேகம் சீராக்கியில். வேகத்தைக் கூட்டினால் குமிழ் எரிந்துபோகும்.

சீராக்கியைக் கொல்லும் தவறுகள் இரண்டு. ஓடும்போது பற்றரியைக் கழற்றுவது ஒன்று. முனைகளை மாற்றிப் பூட்டுவது மற்றொன்று. இரண்டாவதை நானே ஒருமுறை இருட்டில் செய்திருக்கிறேன். புதியது வாங்கித்தான் தீர்ந்தது. அன்றிலிருந்து நேர் வயரில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன்.

சில பழைய இயந்திரங்களில் மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் கருவி கிடையாது. நெடுநேரம் வேகமாக ஓடினால் 15 வோல்ற்றுக்கும் மேல் ஏறி, பற்றரியின் நீர் வற்றும். இவற்றுக்கு நீர் ஊற்றும் பற்றரியே பொருத்தம். மூடி முத்திரையிட்டது வேண்டாம். மாதமொருமுறை திறந்து, தகடுகள் மூடும்வரை வடித்த நீர் ஊற்றுங்கள். கிணற்று நீரும் அமிலமும் ஊற்றக்கூடாது. அவ்வேளை பீடியும் வேண்டாம். பற்றரியிலிருந்து எழும் வாயு ஒரு பொறியிலேயே வெடிக்கும்; அமிலம் கண்ணில் தெறிக்கும்.