புலம்பலின் நடுவே நின்ற அன்பு

கடவுள் அன்புள்ளவர், அவ்வன்பில் என்றும் மாறாதவர் என்பது கிறிஸ்தவ நெறியில் வளர்ந்த நாம் அனைவரும் தாய்மடியிலேயே கேட்டறிந்த செய்தியாகும். தேர்வில் தேறிய மாணவர் அதனைச் சொல்லி நன்றி செலுத்துகின்றனர். நோய் நீங்கி எழுந்தோர் அதனையே சாட்சியாக உரைக்கின்றனர். இவை தக்கனவே. எனினும், தேறாதவர்க்கும் நோயினின்று எழாதவர்க்கும் அச்செய்தி யாதாய் நிற்கின்றது என்னும் வினா ஒன்று உண்டு. தந்தையை இழந்து விடுதிக்கு மீண்ட தோழர் ஒருவர், "என் தந்தை பிழைத்திருந்தால், கடவுள் உண்மையுள்ளவர் என்று நீர் என்னோடு சேர்ந்து பாடியிருப்பீர், இப்பொழுது என்ன சொல்வீர்?" என்று என்னை வினவினார். யான் விடை கூறமாட்டாது வாளாவிருந்தேன். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. திருமறையில் துயர் மிகுந்த நூலாகிய புலம்பலிலேயே விடை தேடப் புகுந்தேன்.

கி.மு. 586-ஆம் ஆண்டையொட்டிப் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சாரின் படை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முற்றுகையிட்டு எருசலேமைக் கைப்பற்றியது. மதில் இடிந்தது, சாலொமோன் எடுப்பித்த ஆலயம் எரிந்தது, மக்கள் சிறைப்பட்டுச் சென்றனர். அவ்வழிவு கண்டு இரங்கிப் பாடிய ஐந்து பாடல்களின் தொகுதியே புலம்பல். எரேமியா தீர்க்கதரிசி இதனைப் பாடினார் என்று தொன்றுதொட்டு வழங்குவர். நூலினுள் ஆசிரியர் பெயர் காணப்படவில்லை. தமிழ் பயில்வார்க்கு இதனைப் படிக்குங்கால் கையறுநிலை என்னும் புறத்துறை நினைவுக்கு வருதல் இயல்பு. பறம்பை இழந்த பாரி மகளிர் பாடியதும், எருசலேமை இழந்த இப்புலவர் பாடியதும் இரங்கற் பாட்டுகளே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. இவர் பகைவனோடு நின்றுவிடாது, தம் மக்களின் பாவத்தையும் மறையாது, கடவுளையே நேர்நோக்கி முறையிடுகின்றார். முறையிடுதற்கும் ஓர் உறவு வேண்டுமன்றோ? அன்பில்லாதவரிடத்து எவரும் அழுவதில்லை.

இப்பாடல்களின் அமைப்பும் கருதத்தக்கது. எபிரெய மொழிக்கு எழுத்து 22. நம் புலவர் வருக்கக்கோவையில் எழுத்து முறையே செய்யுளைத் தொடங்குமாறு போல, முதல் நான்கு பாடல்களும் அவ்வெழுத்துகளின் வரிசையிலே செல்கின்றன. நடுநின்ற மூன்றாம் பாடலில் ஓரெழுத்திற்கு மும்மூன்றாக 66 வசனங்கள் உள்ளன. அதன் 18-ஆம் வசனத்தில், ஆண்டவர்மேல் தாம் வைத்த நம்பிக்கையும் அழிந்தது என்கின்றார் புலவர். ஆயினும் பாடல் அங்கு முடியவில்லை. அடுத்த எழுத்தாகிய ஸாயின், நினைத்தல் என்னும் பொருளுடைய சொல்லோடு தொடங்குகின்றது. முன்னர்த் தம் துன்பத்தை நினைக்கின்றார்; பின்னர் நம்பிக்கை தரும் ஒன்றினை நெஞ்சிற்கு வரவழைக்கின்றார். அதன்பின் வரும் ஹேத் என்னும் எட்டாம் எழுத்தில் 22 முதல் 24 வரையுள்ள மூன்று வசனங்களின் தலையிலும் மூன்று சொற்கள் நிற்கின்றன. மாறா அன்பு, புதியவை, என் பங்கு என்பன அவற்றின் பொருள். எரிந்த நகரம் எரிந்தபடியே கிடக்கின்றது. புலவரின் நினைவே திரும்பியது.

இவற்றுள் முதலாவது ஹெசெத் என்னும் சொல். தமிழ்த் திருமறை இதனைக் கிருபை என்று பெயர்க்கும். இது வெறும் இரக்கமன்று. உறவின்கண் கொடுத்த சொல்லைக் கைவிடாது நிற்கும் அன்பாம். 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தாவீது, இறந்துபோன தன் நண்பன் யோனத்தானுக்குக் கொடுத்த வாக்கின்படியே, அவன் மகன் மேவிபோசேத்தைத் தேடி அழைத்தான். இரு கால்களும் முடமான அவன், தாவீதைக் கொல்லத் தேடிய சவுலின் பேரன். அவனால் அரசனுக்கு ஆவதொன்றுமில்லை. எனினும் சவுலின் நிலங்களை அவனுக்கு மீட்டளித்து, நாள்தோறும் தன் பந்தியில் உண்ணச் செய்தான். அச்செயலை ஹெசெத் என்னும் சொல்லே குறிக்கின்றது. பெறுவோன் தகுதியைப் பற்றி நில்லாது, கொடுத்தோன் சொல்லைப் பற்றி நிற்பது அவ்வன்பு.

இதனோடு இணைந்து 23-ஆம் வசனத்தில் வருவது எமுனா என்னும் சொல். இதனை நாம் உண்மை என்கின்றோம். அசையாமை, உறுதி என்பன இதன் அடிப்பொருள். நாம் வேண்டுதலின் முடிவிற் சொல்லும் ஆமென் என்பதும் அவ்வேரினின்று தோன்றியதே. யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரோடு போர் நிகழ்ந்தபோது, மோசேயின் கைகள் சோர்ந்தன. ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று தாங்க, அவை ஞாயிறு மறையுமளவும் உறுதியாய் நின்றன. அங்கு அக்கைகளின் உறுதியைக் குறிப்பதும் எமுனா என்னும் சொல்லே. மனிதர் கை பிறர் தாங்க நிற்கும்; கடவுளின் கை தானே நின்று பிறரைத் தாங்கும்.

மூன்றாவது, பங்கு என்னும் சொல். தோழரின் வினாவிற்கு விடை ஈண்டே தோன்றுவதாக எனக்குப் படுகின்றது. கானான் நாட்டைக் கோத்திரங்கள் பங்கிட்டுக் கொண்டபோது, லேவி கோத்திரத்தார்க்கு ஏனையோர்போல் நிலப்பங்கு இல்லை. ஆண்டவரே அவர்தம் பங்கு என்று விதிக்கப்பட்டது. இப்பொழுதோ நாடு முழுதும் பறிபோயிற்று. நிலமற்றவராய் நிற்கும் அந்நாளிலே, ஆண்டவரே என் பங்கு என்னும் கருத்தைப் புலவர் தம் நெஞ்சின் சொல்லாகக் கூறுகின்றார். கடவுளின் உண்மை, நாம் விரும்பிய பொருளைத் தவறாது தந்துகொண்டிருத்தலே ஆயின், அது எருசலேமோடு எரிந்தொழிந்திருக்கும். தந்தவை யாவும் போயபின்னும் தம்மைத் தருதலினின்று தவறாமையே அவ்வுண்மை ஆகும்.

தமிழாசிரியர், உள்ளத்தான் அமைவது உண்மை, வாயான் அமைவது வாய்மை, மெய்யான் அமைவது மெய்ம்மை என மூன்றாகப் பிரித்து விளக்குவர். இம்மூன்றும் கடவுளிடத்து ஒருங்கே நிற்றலைக் காண்கின்றோம். அவர் உள்ளத்தின் அன்பு உண்மையாய் இருந்தது. ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் கொடுத்த வாக்கில் அது வாய்மையாய் ஒலித்தது. வார்த்தையானவர் மெய்யெடுத்துப் பிறந்தபோது மெய்ம்மையாய் விளங்கிற்று. அவ்வாறு வந்த இயேசு பெருமான் துயரைத் தொலைவில் நின்று நோக்கினாரல்லர். சிலுவையில் தொங்கியபோது, கைவிடப்பட்டோன் பாடும் புலம்பற் சங்கீதத்தையே தம் வாயில் எடுத்தார். ஆதலின், நாம் புலம்புமிடம் கடவுள் இல்லாத இடமன்று. அவர் நமக்கு முன்னரே சென்றடைந்த இடம்.

இன்னும் ஒன்று கூறி முடிப்பேன். புலம்பல் நூல் நம்பிக்கையோடு முடியவில்லை. நம்பிக்கை நடுவில் நிற்க, ஐந்தாம் பாடல் ஐயத்தோடு நின்றுவிடுகின்றது. ஆலயம் அழிந்ததை நினைந்து ஆப் மாதம் ஒன்பதாம் நாளில் இதனை ஓதும் யூதர், ஈற்று வசனத்தின் கடுமையோடு நிறுத்த மனமின்றி, அதற்கு முந்திய வேண்டுதலை மீண்டும் ஓதி முடிப்பர். அந்நூலை எழுதியவரும் அதனைத் திருமறையிற் சேர்த்தோரும், அழுகையை விரைந்து துடைத்துவிட வேண்டும் என்று கருதினாரல்லர். நாமும் அவ்வாறே கருதாதிருத்தல் நன்று. துயருற்றாரை நோக்கி, இஃது உம் பாவத்தின் பயன் என்றோ, உம் விசுவாசம் குறைந்தது என்றோ உரைத்தல் நமக்குத் தகாது; யோபுவின் நண்பர் அவ்வாறு உரைத்துக் கடவுளாற் கடியப்பட்டனர்.

தோழர் மீண்டும் வினவின், யான் இவ்வளவே கூறுவேன்: "நீர் இழந்தது பெரிது, அதனை மறைத்துப் பாட வேண்டுவதில்லை. நீர் அழும் பொழுதும் அவர் உம் பங்காய் இருக்கின்றார். நும் கை சோருமாயின், ஞாயிறு மறையுமளவும் ஒருபுறம் யான் தாங்கி நிற்பேன்." கடவுளின் மாறா அன்பைப் பெற்றோர் பிறர்க்குச் செய்யும் கைம்மாறு, அவர்பால் தாமும் மாறாதிருத்தலே அன்றோ?